திக்கற்ற பிள்ளை என்று யாரைச் சொன்னோம்

உடல்நல அட்டையில் நான் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஒன்பது. பெயர், வயது, உயரம், எடை, பல், தோல், தலைமுடி, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா, பெற்றோர். புறப்படும் முன்பே அச்சடித்து எடுத்துப்போன அட்டை அது. கடைசிக் கட்டம் எதற்கு என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. போவது அனாதை இல்லத்துக்கு, அதில் 'இல்லை' என்று எழுத வேண்டியதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். முதல் நாள் காலை இருபத்தேழு பிள்ளைகளுக்கு அப்படியே எழுதியும் விட்டேன். இருபத்தெட்டாவதாக வந்த நாலு வயதுப் பையனை எடைக்கருவியில் நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் இல்லத்துப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "இவனுக்கு அம்மா இருக்கிறார். கிராமத்தில்."

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று "அம்மாவா?" என்றேன். அவள் பதிவேட்டைப் பின்னால் திருப்பினாள். "இந்த அக்கா தங்கைக்கும் அம்மா இருக்கிறார். இவனுக்கு இரண்டு பேரும். இவளுக்குப் பாட்டி." அவள் குரலில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கடல் தாண்டி வந்த எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

2014 மே முதல் வாரம். கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணம். எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர், பத்து நாள் ஊழியப் பயணம். நான் நர்ஸ். அப்போது பதினெட்டு வருடம் வார்டில் வேலை பார்த்திருந்தேன், அதனால் மருத்துவ முகாம் என் பொறுப்பு. என் மகனுக்கு வயது பதினான்கு. அவனை வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளிக் குழுவில் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் போட்டிருந்தார்கள். குழுவிலேயே சின்னவன் அவன்தான்.

அவனை ஏன் கூட்டிப்போனேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த வருடம் அவன் என்னோடு பேசுவது குறைந்திருந்தது. வாங்கித் தருவது எதுவும் அவனுக்குப் போதவில்லை. இல்லாத பிள்ளைகளைப் பார்த்தால் தனக்கு இருப்பதன் அருமை தெரியும் என்று நினைத்தேன். சபையில் பலரும் அதையே சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது. என் பிள்ளைக்கு நன்றியுணர்வு வரவேண்டும் என்பதற்காக, இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் துக்கத்தைப் பாடப்புத்தகமாக விரித்துக் காட்டப் போயிருக்கிறேன். ஊழியம் செய்யவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அது பொய்யில்லை. இரண்டும் சேர்ந்துதான் எனக்குள் இருந்தன.

ப்னோம் பென்னிலிருந்து பட்டம்பாங் போகப் பேருந்தில் பாதிப் பகல் ஆகிவிட்டது. மழைக்குக் காத்திருந்த வயல்கள், வயல் நடுவே பனைகள். பனைதான் அந்த நாட்டின் தேசிய மரம். கடைப் பலகைகளில் கம்போடிய மொழியான கெமரின் எழுத்து. பல்லவ எழுத்திலிருந்து பிறந்த எழுத்து அது என்று என் மகனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச எழுத்து மாதிரியே இருக்கும்மா, ஆனா படிக்க முடியல" என்றான். எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளப் பெண் அவனுக்கு இரண்டே வார்த்தைகள் கற்றுக்கொடுத்தாள். 'அர்குன்' என்றால் நன்றி. 'போங்' என்றால் அண்ணன், அக்கா இரண்டும்தான், மூத்தவர் யாராக இருந்தாலும் போங். "நீ அங்கே எல்லோருக்கும் போங்" என்றாள்.

அந்த நாலு வயதுப் பையனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. படமும் போடப்போவதில்லை. அன்று எடுத்த படங்களை யாரிடமும் கேட்காமல் முகநூலில் போட்டோம், பிறகு ஒவ்வொன்றாக எடுத்தோம். எங்கள் வேன் வாசலில் நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அந்தப் பையன் என் மகனின் காலைக் கட்டிக்கொண்டான். யார், எவர் என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான். இவன் தூக்கினான். அன்று மாலைவரை இறங்கவில்லை. சாப்பிட்டதும் மடியில், தூங்கியதும் தோளில். மறுநாள் இவனே அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டான். வீட்டில் தன் ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போடாத பிள்ளை, இன்னொரு குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் சோப்பு நுரை இருக்கிறதா என்று பார்ப்பதைக் கண்டு எனக்குக் கண் நிறைந்தது. ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒவ்வொரு இரவும் ஜெபக்கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "எவ்வளவு பாசமான பிள்ளைகள்!" நானும் ஆமென் சொன்னேன்.

என் வேலையை வைத்துப் பார்த்திருந்தால் அந்த ஆமென் என் வாயில் வந்திருக்கக் கூடாது. குழந்தைகள் வார்டில் ஊசியோடு நான் உள்ளே நுழைந்தால் நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. தனக்கு உரியவர் யார், அந்நியர் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒருத்தியின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பிள்ளையைப் பார்த்துத்தான் நர்ஸ் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை இதைத்தான் சொன்னது: சிறு குழந்தைக்கு உணவும் மருந்தும்போல, தாயோ தாய்க்கு ஈடான ஒருவரோ தொடர்ந்து தரும் நெருக்கமும் வேண்டும். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989-இல் விழுந்தபோது அங்கிருந்த இல்லங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து அந்நாட்டுத் தலைநகர் புகாரெஸ்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 136 குழந்தைகளை வைத்து ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான இல்லப் பராமரிப்பு. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் ஒட்டி உறவாடுவதிலும் தேறினார்கள். அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். வருகிறவர் எல்லோரிடமும் பேதமின்றி ஓடுவது அந்த இல்லப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பதிவான ஒரு குணம். பார்த்துக்கொள்கிறவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தால், பிள்ளை யாரை நம்பும்? கிடைக்கிற கையைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் இல்லத்து அலுவலக அறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. மாதத்துக்கு மாதம் வரப்போகும் குழுக்களின் பெயர்கள் வண்ணப் பேனாவில் எழுதியிருந்தன. எங்களுடையது பச்சை. எங்களுக்குப் பத்து நாள் கழித்து நீலம்.

அட்டையில் அந்தக் கட்டத்தைப் பற்றி அன்று மாலையே என் மகனுக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, அவனுக்கு அம்மா இருக்காங்களாமே. அப்புறம் ஏன் இங்க இருக்கான்?"

"வறுமைடா. அவங்களால வச்சுக் காப்பாத்த முடியல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"நம்மகிட்ட காசு இல்லாமப் போனா, நீ என்னை விட்டுடுவியாம்மா?"

மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், அந்தப் பையனின் அம்மா என்னைவிடக் குறைந்த தாய் என்று சொன்னதாக ஆகியிருக்கும். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்தது. இருட்டில் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் இல்லத்து நிர்வாகியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1975-லிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் நாட்டு மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டபோது பெற்றோரை இழந்து, எல்லையோர அகதி முகாமில் வளர்ந்தவர். அனாதை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பதற்றப்படாமல் சொன்னார். பையனின் அப்பா போய்ப்பெட் எல்லை வழியாகத் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனவர், இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. நிலப் பத்திரத்தை வைத்து நுண்கடன் வாங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இவனையும் சேர்த்து மூன்று பிள்ளைகள். இங்கே விட்டால் சாப்பாடும் படிப்பும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று சொன்னதும் இவனைக் கொடுத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் கெமர் புத்தாண்டுக்கு வந்து பார்ப்பார். கிராமம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நாற்பது கிலோமீட்டர்.

"அந்த அம்மாவுக்கு அங்கேயே உதவி செய்ய முடியாதா?" என்றேன்.

"கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை. பிள்ளை இங்கே இருந்தால்தான் அனுப்புகிறீர்கள்" என்றார். மொழிபெயர்த்த பெண் தலை குனிந்துகொண்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொன்ன 'நீங்கள்' நாங்கள்தான். அந்த இல்லத்தின் இரண்டாவது மாடிக்கு எங்கள் சபைதான் பணம் கொடுத்தது. கட்டிய அறையில் படுக்கை போட்டால், படுக்கைக்குப் பிள்ளை வேண்டும். 2005-இல் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 154. 2010-இல் 269. போர் முடிந்து வருடங்கள் ஆகி, பெற்றோரை இழந்த பிள்ளைகள் குறைந்துகொண்டு வந்த காலத்தில் இல்லங்கள் மட்டும் பெருகின. அவற்றில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். யூனிசெஃப் இதை 2011-லேயே வெளியிட்டிருந்தது. நாங்கள் மூன்று வருடம் கழித்துப் போயும் படிக்காமல்தான் போயிருந்தோம்.

கிளம்பும் நாளில் பெரிய பெண் பிள்ளைகள் அழுதார்கள். எங்கள் குழுவில் எல்லோரும் அழுதோம். என் மகன் வேனின் கடைசி சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அந்தப் பையன் மட்டும் அழவில்லை. இவன் தோளிலிருந்து இறக்கிவிட்டதும், வாசலில் நின்ற சமையற்காரம்மாவின் பக்கம் போய் ஒரு டயரை உருட்ட ஆரம்பித்தான். வேன் திரும்பும்போது பார்த்தேன், டயரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். விட்டுப்போகிறவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை. அந்த முதுகுதான் என்னைப் பல மாதம் தூங்கவிடவில்லை.

வீடு திரும்பிய பிறகு என் மகன் என்னோடு பேசினான், ஆனால் அந்த ஒரு விஷயத்தைத்தான் பேசினான். மே 22-ஆம் தேதி தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆவணம் இல்லாத தொழிலாளர்களைப் பிடிப்பார்கள் என்ற பயத்தில் ஜூன் மாதம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் போய்ப்பெட் வழியாகத் திரும்பி ஓடிவந்தார்கள். லாரிகளில் நின்றுகொண்டு வந்த அந்தக் கூட்டத்தின் படங்களை இவன் தினமும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தான். என்னடா தேடுகிறாய் என்றேன். "அவன் அப்பா முகம் எப்படி இருக்கும்னு தெரியாதும்மா. இருந்தாலும் பார்க்கிறேன்" என்றான். அப்பா அந்தக் கூட்டத்தில் வரவில்லை என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஜூலையில் சபையில் சாட்சி சொல்லும் ஞாயிறு. படங்களுக்குப் பின்னணி இசை சேர்த்து ஓடவிட்டார்கள். என் மகனுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள், எழுதிக்கூடக் கொடுத்திருந்தோம். அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அந்த இல்லத்துல நான் தூக்கி வச்சிருந்த தம்பிக்கு அம்மா இருக்காங்க. நாற்பது கிலோமீட்டர்ல இருக்காங்க. நாம அவங்களைப் போய்ப் பார்க்கலை." வந்து உட்கார்ந்துவிட்டான். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. இடம் தெரியாமல் பேசிவிட்டான் என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். ஊழியத்தைக் குறை சொல்லச் சின்னப் பையனை ஏவிவிட்டேன் என்று ஒருவர் சொன்னது இன்றுவரை வலிக்கிறது.

பாஸ்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நாலாம் அதிகாரத்தை எடுத்தார். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் இறந்துபோகிறான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து கதறுகிறாள். பிள்ளைகளை என்னிடம் கொண்டுவந்து விடு, நான் வளர்க்கிறேன் என்று எலிசா சொல்லவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்கிறான். ஒரு குடம் எண்ணெய். அயல்வீட்டுக்காரரிடம் வெறும் பாத்திரங்கள் வாங்கிவரச் சொல்லி, அவளும் பிள்ளைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கச் சொல்கிறான். பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். எண்ணெயை விற்றுக் கடன் அடைகிறது, மீதியில் அவர்கள் பிழைக்கிறார்கள். நிலப் பத்திரம், நுண்கடன், கொடுத்துவிட்ட பிள்ளை என்று எல்லாம் எனக்கு அந்த அதிகாரத்துக்குள்ளேயே தெரிந்தன. எத்தனையோ முறை படித்த அதிகாரம் அது. எண்ணெய் பெருகிய அற்புதத்தைத்தான் எப்போதும் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் கடைசிவரை அம்மாவோடு இருந்ததைக் கவனித்ததில்லை.

யாக்கோபு 1:27 எங்கள் டி-சட்டையின் முதுகில் அச்சடித்திருந்த வசனம். 'திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்' என்று வருகிறது. இந்த வசனத்தில் பிள்ளையும் தாயும் ஒரே மூச்சில் சேர்ந்து நிற்கிறார்கள். நாங்கள் அவர்களை நாற்பது கிலோமீட்டர் பிரித்து, ஒரு பாதியை மட்டும் விசாரிக்கப் போயிருக்கிறோம். அந்த 'விசாரிக்கிறது' என்ற சொல்லையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நம் பேச்சில் ஒருவரை விசாரிப்பது என்றால் வீடு தேடிப் போய், எப்படி இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கேள்வி கேட்காமல் விசாரிக்க முடியாது. பத்து நாளில் நாங்கள் பாடினோம், தூக்கினோம், பொம்மை கொடுத்தோம். கேட்டது ஒன்பது கட்டங்கள், அதிலும் ஒன்றுக்குப் பதிலை நாங்களே எழுதினோம்.

ஞாயிறு பள்ளியில் வளர்ந்த யாருக்கும் ஜார்ஜ் முல்லரைத் தெரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அனாதை இல்லம் நடத்தியவர். காலை ஆகாரத்துக்கு ஒன்றுமில்லாமல் பிள்ளைகளை மேசையில் உட்காரவைத்து அவர் ஸ்தோத்திரம் செலுத்தியதும், கதவு தட்டப்பட்டு ரொட்டியும் பாலும் வந்ததுமான கதை எனக்கு ஆறு வயதிலிருந்து மனப்பாடம். 1836-இல் வாடகை வீட்டில் முப்பது பெண் பிள்ளைகளோடு தொடங்கி, ஆஷ்லி டௌனில் ஐந்து பெரிய கட்டடங்களில் இரண்டாயிரம் பிள்ளைகள் வரை வளர்ந்த ஊழியம். அந்த விசுவாசத்தின் முன்னால் நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் கதையின் இரண்டு பகுதிகளை எனக்கு யாரும் சொல்லவில்லை. தாய் தகப்பன் இருவரையும் சாவில் இழந்த பிள்ளைகளைத்தான் முல்லர் சேர்த்துக்கொண்டார். அவர் தொடங்கிய அதே ஸ்தாபனம் 1958-இல் அந்தப் பெரிய கட்டடங்களை விற்றுவிட்டு, பிள்ளைகளைக் குடும்பம் போன்ற சிறு வீடுகளுக்கு மாற்றியது, பிறகு குடும்பங்களுக்கு உதவும் ஊழியமாகவே ஆனது. முல்லரின் வழியில் நடக்கிறோம் என்று நாங்கள் மாடி கட்டிக்கொண்டிருந்தபோது, முல்லரின் பிள்ளைகள் எப்போதோ அந்த மாடிகளை விட்டு இறங்கியிருந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் சபைக் குழு உட்கார்ந்து பேசியது. கோபத்தில் சிலர், இனி ஒரு பைசா அனுப்பக்கூடாது என்றார்கள். அதைத் தடுத்தது எங்களோடு கடிதத்தொடர்பில் இருந்த ஒரு கம்போடிய சமூகப் பணியாளர். இதை வாசிக்கிற சபைகளுக்காக விவரமாக எழுதுகிறேன். பணத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடி விழுவது பிள்ளைகள் மேல்தான். சோறு குறையும், வார்டன் வேலையை விட்டுப் போவார், அல்லது யாரும் கேள்வி கேட்காத இன்னொரு இடத்துக்குப் பிள்ளைகள் கைமாறுவார்கள். பிள்ளையை வண்டியில் ஏற்றிக் கிராமத்தில் இறக்கிவிடுவதும் தப்பு. முதலில் குடும்பத்தைத் தேட வேண்டும். அந்த வீட்டில் பிள்ளை பத்திரமாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். அடியோ குடியோ வேறு ஆபத்தோ இருந்தால் அத்தை, சித்தி, தாத்தா வீடு, அதுவும் இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம். அம்மா முதலில் வந்து பார்க்க வேண்டும், பிறகு பிள்ளை இரண்டு நாள் போய் வர வேண்டும், பிறகு ஒரு வாரம். பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும். கடனுக்கு ஒரு வழி வேண்டும். வீடு சேர்ந்த பிறகும் வருடக்கணக்கில் போய்ப் பார்க்க வேண்டும். மாடி கட்டுவதைவிட இது மெதுவான வேலை. கல்வெட்டு வைக்க இடமில்லாத வேலை.

கம்போடிய அரசும் அப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் என்று 2006-லேயே கொள்கை எழுதியவர்கள் அவர்கள். பிறகு நடந்த கணக்கெடுப்பில் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் பிள்ளைகள் உரிமைத் தீர்மானம், பெற்றோர் பராமரிப்பை இழந்த பிள்ளைகளைப் பற்றியே பேசியது. வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்ற கொள்கையை அது மறுபடி வலியுறுத்தியது. வெளிநாட்டுத் தொண்டர்களும் சுற்றுலாப் பயணிகளும் இல்லங்களுக்குப் போய் வருவதில் உள்ள தீங்கையும் சொன்னது.

எங்கள் சபை மூன்று வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டது. இல்லத்துக்கான பணம் படிப்படியாகக் குறைய, அதே அளவு குடும்பங்களுக்குப் போகும் பணம் ஏற வேண்டும். நிர்வாகி முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார், நடுவில் ஒருமுறை பின்வாங்கினார். ஊழியப் பயணம் போகவே கூடாதா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் மகன் மாறியது ஒரு பயணத்தில்தான். போகலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிள்ளையைத் தூக்கப் போகக் கூடாது. தூக்கிக்கொள்ள அங்கே நிலைத்திருக்கும் கைகள் வேண்டும், அந்தக் கைகளுக்கு உதவப் போகலாம்.

2017 டிசம்பரில் நானும் அவனும் மறுபடி போனோம். அவனுக்குப் பதினேழு முடிந்திருந்தது, என்னைவிட ஒரு தலை உயரம். இந்த முறை குழு இல்லை, டி-சட்டை இல்லை, இரண்டு பேர் மட்டும். காலையில் கிராமத்து சுகாதாரப் பணியாளர்களோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: வயிற்றுப்போக்கில் பிள்ளைக்கு நீர்ச்சத்து குறைவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் காய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு டெங்குவைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, நான் எழுதிக்கொண்டேன். என் மகன் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து, வீடுகளுக்கு மணல் வடிகட்டி வைக்க மணல் சலித்தான், கழுவினான், சுமந்தான். சிமென்ட் பெட்டிக்குள் சரளை, அதன்மேல் பெருமணல், அதன்மேல் நுண்மணல். பன்னிரண்டு நாளும் அவன் தூக்கிய கனம் அதுதான். ஒரு பிள்ளையின் பக்கமும் அவனாகப் போகவில்லை.

அந்தப் பையன் வீடு சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பார்க்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒன்பதாம் நாள் சமூகப் பணியாளர் வந்து, "அந்த அம்மா உங்களை வரச்சொன்னார்" என்றார்.

மரத்தூண்கள்மேல் நின்ற வீடு, மேலே ஏற ஏணி. வீட்டுக்கு அடியில் நிழலில் ஒரு தறி, இரண்டு கோழிக் கூடைகள், சாய்த்து வைத்த சைக்கிள். அந்த அம்மா கைகூப்பிக்கொண்டு வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஓலைப்பாயை விரித்து உட்காரச் சொன்னார். பனைவெல்லம் ஒரு தட்டில் வந்தது. நான் கற்று வைத்திருந்த கெமர் வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் நின்றுவிட்டன. அவரே பேசினார், சமூகப் பணியாளர் மொழிபெயர்த்தார். கடனில் பாதி அடைந்துவிட்டது. அப்பாவைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. பையன் இரண்டாம் வகுப்பு. முதல் மாதம் முழுவதும் ராத்திரி எழுந்து எழுந்து, அம்மா இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்தானாம்.

"அவனைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

என் மகன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூப்பிடும் முன்பே, வீட்டின் பின்பக்கத்திலிருந்து பள்ளிச் சட்டையோடு அவன் ஓடிவந்தான். ஏழு வயது. எங்களைக் கண்டதும் நின்றான். என் மகனை அவனுக்கு ஞாபகம் இல்லை. முகத்தில் ஒரு சுவடும் இல்லை. ஒரு அடி பின்னால் வைத்தான், பிறகு சுற்றிப்போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவருடைய துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தோளுக்கு மேலாக ஒரு கண் மட்டும் தெரிந்தது. அம்மா வெட்கப்பட்டு, போய் வணக்கம் சொல் என்று முன்னால் இழுத்தார். அவன் தலையை ஆட்டி மறுத்து, இன்னும் உள்ளே போய்விட்டான்.

நான் என் மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.